பாக்குவெட்டி எந்தப் பிரிவில் வரும்?

பாக்குவெட்டி ஓர் ஆயுதமா, இல்லையா? நான்கு வருடமாக எனக்கு விடை தெரியவில்லை. வெற்றிலை போடுகிறவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். நான் இந்தக் கேள்வியோடு ஒரு பாதுகாப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. (பொய். இப்போது கொஞ்சம் வருகிறது.)

அப்போது நான் எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தற்காலிக உதவி விரிவுரையாளர். மகன் பிறந்து, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியதுமே துறைத் தலைவர் கூப்பிட்டார். புதிய மாணவர்களுக்கு மறுநாள் ஒழுக்க விதிகளை நான் விளக்க வேண்டுமாம். பகிடிவதை (அதாவது ராகிங்) தடைச் சட்டம், வளாகத்துக்குள் ஆயுதம், அச்சுறுத்தல், எல்லாம்.

"உங்கட ஒப்பந்தத்த நீடிக்கிறதப் பத்தி இந்தக் கிழமைதான் கதைக்கப் போறம். இத நல்லாச் செய்ங்க," என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மிரட்டலாகக் கேட்டது.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே விதிகளை மனப்பாடம் செய்தேன். தாலாட்டுக்குப் பதிலாக அவன் கேட்டதெல்லாம் "தண்டனைக்குரிய குற்றமாகும்" என்பதுதான். நன்றாகத் தூங்கினான்.

காலையில் புறப்படும்போது உம்மா பாக்குவெட்டியோடு வந்து நின்றார்.

"பால் குடுக்கிற பொம்புள வெறுங்கையோட வெளிய போகப்படாது மகள். ஒரு இரும்பு கெடந்தா பேய் பிசாசு ஒண்டும் அண்டாது."

"இதெல்லாம் மார்க்கத்துல இல்ல மாமி," என்றார் என் கணவர்.

"மார்க்கம் சரி மருமகன். இரும்பும் கெடக்கட்டும்."

முடியவே முடியாது என்றேன். உம்மா பேசாமல் உள்ளே போனார். (உம்மா பேசாமல் போனால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து தெரிந்த இந்த உண்மையை அன்று பார்த்து மறந்துபோனேன்.)

மண்டபம் நிறைய மாணவர்கள். பின்வரிசைகளில் பெற்றோர். முன்வரிசையில் துறைத் தலைவர். நான் நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

"ஆயுதம் என்றால் துவக்கும் வாளும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெட்டவோ குத்தவோ கூடிய எதுவும் ஆயுதமாகக் கருதப்படலாம். அதைக் கையில் காட்டி ஒரு வார்த்தை சொன்னாலே அச்சுறுத்தல்தான்."

இந்த இடத்தில் வியர்த்தது. முகம் துடைக்க லேஞ்சியை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். மகனின் துண்டு வந்தது. அதுவாவது பரவாயில்லை என்று உதறினேன். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் 'டங்' என்று ஏதோ விழுந்தது. மண்டபத்தின் கடைசி வரிசை வரை அந்தச் சத்தம் கேட்டது.

உம்மாவின் பாக்குவெட்டி, வாயைத் திறந்தபடி மேசையில் கிடந்தது.

பின்வரிசையில் ஒரு தாய், "யா அல்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார். அவரை ஆறுதல்படுத்துவதுதான் என் நோக்கம். இது வெறும் பாக்குவெட்டிதான் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று அதை எடுத்து உயர்த்திக் காட்டினேன். காட்டிக்கொண்டே ஒலிவாங்கியில் சொன்னேன்:

"எல்லாரும் அப்படியே இரிங்க. ஆரும் பயப்படத் தேவல்ல. உங்கள நான் ஒண்டும் செய்யமாட்டன்."

கொள்ளையடிக்க வருகிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள் என்பது, சொல்லி முடித்த பிறகே உறைத்தது.

முன்வரிசையில் ஒரு மாணவி மரியாதையாகக் கையை உயர்த்தினாள். "மிஸ், இது எந்தப் பிரிவுல வரும்?"

"இது பாக்குவெட்டி."

"பேர்லயே வெட்டி இரிக்கே மிஸ்."

மண்டபம் சிரித்தது. துறைத் தலைவர் மட்டும் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தியுள்ளவள் என்றால் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் அடுத்ததாக நான் வாசிக்க வேண்டிய விதி, ஆயுதத்தைக் காணும் எவரும் உடனே பாதுகாப்பு அலுவலருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. வாசித்துவிட்டேன். வாசித்த பிறகு நானே மீறலாமா? கூட்டம் முடிந்ததும் நேரே அங்கே போனேன்.

பாதுகாப்பு அலுவலர் காரைதீவுக்காரர், வாய் நிறைய வெற்றிலை.

"என்ன விஷயம் மிஸ்?"

"வளாகத்துக்குள்ள ஒரு ஆயுதம் கண்டிரிக்கன் ஐயா."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆர்ட கையில?"

"என்ட கையில."

"முறைப்பாடு செய்யிறது ஆர்?"

"நான்தான்."

"ஆருக்கு எதிரா?"

கொஞ்சம் யோசித்தேன். "அதுவும் நான்தான்."

பேனாவை வைத்துவிட்டுப் பாக்குவெட்டியை எடுத்தார். திறந்து மூடிப் பார்த்தார். "நல்ல சாமான். பேசாம வீட்ட கொண்டு போங்க மிஸ்."

"இல்ல ஐயா. விதிப்படி செய்ங்க."

பெருமூச்சு விட்டு, 'வெட்டும் ஆயுதம் - ஒன்று' என்று எழுதினார். விசாரணை முடியும்வரை அது அலுமாரிக்குள் இருக்கும் என்றார். அந்த விசாரணையை ஒருவரும் தொடங்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்கத் துறைத் தலைவரின் அறைப் பக்கம் போகாமல் சுற்றியே நடந்தேன். கடைசியில் அவரே கூப்பிட்டார். ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார்கள்.

"ஆயுதத்தையும் அச்சுறுத்தலையும் இவ்வளவு தெளிவா இஞ்ச ஆரும் விளக்கினதில்ல," என்றார். "அடுத்த வருஷமும் நீங்கதான். மறுகா இன்னொரு விஷயம், சாமான் கொண்டு வரத் தேவல்ல." பாராட்டினாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், என் கணவர் இரண்டு கைகளையும் தூக்குவார். "அப்படியே இரிங்க மகன். உங்கட உம்மா ஒண்டும் செய்யமாட்டா." மகனும் காரணம் தெரியாமலே கைகளைத் தூக்குவான்.

இப்போது இரண்டாவது பிள்ளைக்கு நாள் நெருங்குகிறது. புதிதாக ஒரு பாக்குவெட்டி வாங்கலாம் என்றால் உம்மா கேட்பதாக இல்லை. "என்ட சாமான் எங்க கெடக்கெண்டு தெரியும்தானே? புள்ள வாறத்துக்கு முதல் அது வீட்ட வரணும்."

பாதுகாப்பு அலுவலரைக் கேட்டேன். ஒரு கடிதம் தந்தால் எடுத்துத் தருகிறாராம். அந்தக் கடிதத்தைத்தான் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். 'எனது பாக்குவெட்டி' என்று எழுதினால், அப்படி ஒரு பொருள் அவர்களுடைய பதிவில் இல்லை. 'எனது ஆயுதம்' என்று எழுதினால், நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருத்தி தன் ஆயுதத்தைத் திருப்பிக் கேட்டு ஒப்பமிட்ட கடிதம் அதே பல்கலைக்கழகத்தின் கோப்பில் இருக்கும்.

நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்? தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பிள்ளை காத்திருக்கக்கூடும், உம்மா காத்திருக்கமாட்டார்.