ஐந்தாவது பல்

நான்காவது பல்லுக்காக லீவு கேட்டபோதுதான் மேலாளர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"எந்தப் பல்லும்மா?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. முதல் மூன்று தடவையும் "சரி" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்த விஷயம். அவசரத்தில் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். போன மாதம் வலது கன்னத்தைத் தொட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"இந்தப் பக்கமும் பரவிடுச்சு சார்," என்றாள்.

மேலாளர் மிகுந்த வருத்தத்தோடு தலையாட்டினார்.

அது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் இல்லாமல் எந்தத் தாளையும் கையை விட்டு அனுப்பமாட்டாள் என்பதால் அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பது வருடமாக இதே வேலை. யாராவது பிறந்தநாள் என்று பிஸ்கட் நீட்டினால், வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே மனசுக்குள் அவருக்கு மிச்சமிருக்கும் வருடங்கள் ஓடிவிடும். இப்படியே போனால் தன் மிச்சமும் இந்த நாற்காலியிலேயே கழியும் என்று பயந்துதான் அந்த ஹெட்ஜ் ஃபண்டுக்கு விண்ணப்பித்தாள்.

பெரும் பணக்காரர்களின் பணத்தை வாங்கி, சந்தை ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம் என்று காட்டுகிற பிரம்மாண்டமான நிறுவனம் அது. நகரத்தின் மறுகோடியில் கண்ணாடிக் கட்டடம். அங்கே கணக்குக்குத்தான் மரியாதை என்று கேள்விப்பட்டிருந்தாள். நேர்முகத் தேர்வு ஒன்றிரண்டோடு முடியும் என்று நினைத்தாள். ஐந்து சுற்று என்றார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல் செலவானது.

"வேற வியாதி எதுவும் கிடைக்கலையா உனக்கு?" என்று வீட்டில் கணவன் கேட்டான்.

காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள், பல்வலியை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று அவள் விளக்கினாள். அவன் யோசித்துவிட்டு, சேர்ந்துவிட்டால் புள்ளி பெரும்புள்ளி ஆகிவிடுவாள் என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் தெரிந்தால் இந்த வேலை போகும். நடத்தைச் சான்று கெட்டுப்போனால் அந்த வேலையும் போகும். இரவெல்லாம் பல்லைக் கடித்ததில் தாடை நிஜமாகவே வலித்தது.

நான்காவது சுற்று நன்றாகவே போனது. ஆனால் மறுநாளிலிருந்து மேலாளர் அவள் வாயின் மேல் அக்கறை எடுத்துக்கொண்டார். உணவு இடைவேளையில் தன் வீட்டுச் சூப்பைக் குடுவையில் கொண்டுவந்து வைத்தார். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் அவள் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்க முடியவில்லை. ஒரு வாரம் சூப் குடித்து இடுப்பில் உடை தொளதொளத்தது. எந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்று மறந்துவிடாமல் இருக்க இடது கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டாள். பஞ்சைப் பார்த்ததும் மேலாளரின் கவலை இரண்டு மடங்கானது.

அவர் அவள் மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு நாள் ஹெட்ஜ் ஃபண்டிலிருந்து ஃபோன் வந்தது. தேர்வுகளை ஏற்பாடு செய்யும் பெண்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள் புள்ளி, பஞ்சோடு.

தனக்கு அந்தப் பட்டமெல்லாம் கிடையாது என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சொல்லிவிட்டு, கடைசிச் சுற்று வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, தலைவரே பேசுவார் என்றாள்.

"வியாழன் பதினொரு மணி. வந்துடறேன் டாக்டர்."

மேலாளர் காதில் எல்லாம் விழுந்தது. ஐந்தாவது பல்லா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். இந்த டாக்டர் சரியில்லை, ஒரு வாயை இப்படியா மாசக்கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்று அவருக்குக் கோபம் வந்தது. தன் மச்சான் பல் டாக்டர், வியாழக்கிழமை ஒன்பதரைக்கே பார்த்துவிடுவான், தானே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்பதற்கு அவள் சொன்ன நான்கு காரணமும் பஞ்சில் சிக்கிக்கொண்டன.

வியாழக்கிழமை மச்சான் அவள் வாய்க்குள் விளக்கடித்து மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இதுல எதும்மா வலிக்குது?"

வெளியே மேலாளர் பத்திரிகை புரட்டும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தி, எதுவுமே வலிக்கவில்லை, தயவுசெய்து அவரிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினாள்.

"அத்தான்கிட்ட நான் பொய் சொல்றதில்ல," என்றார் மச்சான். "பல்லு நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லணும்." பிறகு இடது கோடியில் ஞானப்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்து முளைத்திருக்கிறது, என்றைக்காவது தொந்தரவு தரலாம், தராமலும் போகலாம் என்றார்.

மணி ஒன்பது ஐம்பது. ஒன்பது வருடம் அவள் கண்முன் வந்து நின்றது. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

"எடுத்துடுங்க."

பத்தரைக்கு வெளியே வந்தபோது இடது பக்க முகம் அவளுடையதாக இல்லை. கன்னம் வீங்கி, உதடு தொங்கியது. மேலாளர் பதறிப்போனார். தனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதால் அவரே டாக்ஸி பிடித்து, உட்காரவைத்து, ஓட்டுநரிடம் அவள் வீட்டு முகவரியைச் சொல்லி, வேறெங்கும் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தெருமுனை திரும்பியதும் வேறு இடம் போகவேண்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வாயிலிருந்து "வவ்வ" என்றுதான் வந்தது. அந்தப் பெரியவர் சொன்னபடி வீட்டில் இறக்கிவிட்டால்தான் தனக்கு நிம்மதி என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். கடைசியில் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தலைவரின் அறைக்குள் நுழைந்தாள். சந்தை இனி எப்படிப் போகும் என்று நினைக்கிறாள் என்று அவர் கேட்டார்.

அவளிடம் பதில் இருந்தது. மூன்று வாரம் தயாரித்த பதில். வாயைத் திறந்தால் எச்சில் வழியும் என்று தெரிந்தது. மெதுவாகத் தலையை இடப்பக்கம் சாய்த்து அவரையே பார்த்தாள்.

அவர் காத்திருந்தார். அப்புறம் தன் கருத்தைச் சொன்னார். அவள் "ம்" என்றாள். அவருக்குத் தன் கருத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அதை மறுத்துப் பேசினார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். வலி சுருக்கென்றதால்தான். அவர் பாதியில் நிறுத்தி, எழுந்து பலகையில் கணக்கெழுதி, தன் தப்பைத் தானே கண்டுபிடித்தார்.

"இந்த அறைக்கு வர்றவங்க எல்லாம் பேசத்தான் வர்றாங்க," என்றார் முடிவில். "யோசிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

வேலை கிடைத்துவிட்டது. அடையாள அட்டைக்கு இப்போதே படம் எடுத்துவிடலாம் என்று அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள்.

படமெடுப்பவரின் முக்காலியில் உட்கார்ந்தபோது சந்தோஷத்துக்குப் பதிலாக அழுகைதான் முட்டியது. தினம் சூப் கொண்டுவந்த மனிதர். தன் கையால் டாக்ஸிக் கதவைச் சாத்தியவர். அவர் முகத்தைப் பார்த்து ராஜினாமாவை எப்படி நீட்டுவது? இத்தனை நல்ல மனிதரை ஏமாற்றிய பாவத்துக்கு ஒரு பல் போதாது என்று தோன்றியது. வீங்கிய கன்னம் தெரியாதபடி முகத்தைத் திருப்பினாள்.

படமெடுப்பவர் காமிராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். அவர் கையில் எந்தப் படிவமும் இல்லை.

"அந்தக் காப்பீட்டு கம்பெனிதானே மேடம்? மறைக்காதீங்க, அங்கேயிருந்து இங்க வந்து சேர்ற ஆறாவது ஆள் நீங்க. எல்லாருமே இதே கன்னத்தோடதான் போட்டோவுக்கு உட்கார்றாங்க."