கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை

டோல்கேட் தாண்டியதும் பொம்மையின் தலை பைக்கு வெளியே வந்துவிட்டது.

புஷ்பவல்லி அதை உள்ளே அமுக்கினாள். அடுத்த பள்ளத்தில் அது மறுபடியும் எட்டிப் பார்த்தது. ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த அம்மாள் கீரைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஞ்சநேயரைக் கூப்பிட்டாள். வேறு வழியில்லாமல் புஷ்பவல்லி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் பொம்மையின் முகத்தை மூடினாள். முகம் தெரியாவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தாள். வெள்ளைத் துணியால் முகத்தை மூடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது, இருபத்தேழு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அமான் கண்ணாடியில் பார்த்தான்.

"யாரும்மா அது?"

வழி நெடுகப் பத்துப் பேருக்கு விளக்கம் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருந்தது. "ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டுகினு போறேன் நைனா."

"ஒடம்புக்கு இன்னா?"

"மூச்சு இல்ல. நாளான்னிக்குள்ள நான்தான் வர வைக்கணும்."

அமான் பாட்டை நிறுத்தினான். மற்றவர்களை இறக்கிவிட்டபின், காசிமேட்டுப் பக்கம் அவள் குப்பத்து முனைவரை ஆட்டோவை ஊர்வலம் போல உருட்டிக்கொண்டு வந்தான். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "தைரியமா இரும்மா" என்று சொல்லிவிட்டு நேரே முனை டீக்கடைக்குப் போனான். முழுசாகத் தெரிந்தவன் வீட்டுக்குப் போவான். அரைகுறையாகத் தெரிந்தவன் டீக்கடைக்குத்தான் போவான்.

நடந்தது இதுதான். திருவொற்றியூரில் அவள் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. கேஷுவாலிட்டியில் நிற்கும் நர்ஸ் எல்லாரும் உயிர்காப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்கு ஃபைல் ரூம். பயிற்சிக்கு வந்திருந்தது ஒரு ரப்பர் ஆள். இடுப்போடு சரி, கால் கிடையாது. மார்பின் நடுவில் கை வைத்துச் சரியான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே 'டிக்' என்று சத்தம் வரும். முப்பது தடவை அமுக்க வேண்டும், இரண்டு தடவை காற்று கொடுக்க வேண்டும், மறுபடி முப்பது. பச்சைப் பிள்ளைகூடச் செய்துவிடும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பரீட்சையில் புஷ்பவல்லி தோற்றாள்.

சும்மா தோற்கவில்லை, பேர் சொல்லும்படி தோற்றாள். முதலில் பொம்மையின் தோளைத் தட்டி, சுயநினைவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அவள் தட்டி, "நைனா, நாஷ்டா துன்றியா?" என்று கேட்டாள். சுற்றி நின்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். அடுத்து உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். அவளோ வழக்கம் போலத் திரையை இழுக்கக் கையை நீட்டினாள். அங்கே திரை இல்லை, வெறுங்காற்றை இழுத்தாள். பிறகு திரும்பி, "எல்லாரும் வெளிய போங்க!" என்றாள். வெளியே போகச் சொன்னது பெரிய டாக்டரை. அவர் போகவில்லை. அத்தனை கண்ணும் தன் மேலேயே நிற்க, புஷ்பவல்லியின் கை இரண்டும் மரத்துப் போய்விட்டன. ஒரு 'டிக்' கூட வரவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த ஜூடி நல்ல பெண். சனிக்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், திங்கட்கெழம ரெண்டாவது சான்ஸ், அதோட முடிஞ்சுது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகுங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க, இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும்" என்று பொம்மையைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் புஷ்பவல்லி கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். பொம்மையைக் கட்டிலில் கிடத்தி அமுக்கினாள். 'டிக், டிக், டிக்.' ஒன்று தப்பவில்லை. தனியாக விட்டால் அவள் புலி. நாலு பேர் நின்றால்தான் வம்பு. இதைப் பரீட்சை முடிந்த அன்றே பக்கத்து வீட்டு மீன்காரி தேசம்மாவிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். "திரை போட்டா என் கை பேசும் தேசம்மா. கும்பல் நின்னா ஒரு ரப்பர் பொம்ம முன்னாடிகூட ஊமையாப் பூடுது." தேசம்மா மீன் செதிலைத் தட்டிக்கொண்டே, "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஊமைக்கு ஒரு வயசு உண்டு. பத்தொன்பது வருஷம்.

புஷ்பவல்லி நர்ஸ் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் அவளுக்குப் பொம்மையாக இருந்தவன் அவள் புருஷன் குமாரவேல். கரைக்கு வந்ததும் உப்பு காயாத உடம்போடு மணலில் மல்லாந்து விடுவான். "கட்டு டாக்டரம்மா" என்பான். அவள் அவன் தலையிலும் முழங்காலிலும் கட்டுப் போட்டுப் பழகுவாள். குப்பமே சுற்றி நின்று வேடிக்கை பார்த்துச் சிரிக்கும். அவன் செத்தவன் போலக் கண்ணை மூடிக் கிடப்பான். கிள்ளினாலும் அசைய மாட்டான். கடைசியில் அவள் காதோரம் குனிந்து, "நாஷ்டா துன்றியா?" என்பாள். ஒரு கண் திறக்கும். "வடகறி கீதா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து உட்காருவான். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை! அந்த மணலில் அவள் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு சிரிக்கவேயில்லை.

ஒருநாள் படகை இழுத்துவிட்டு வந்தவன் அதே மணலில் சாய்ந்தான். குப்பமே சுற்றி நின்றது. "புஷ்பா, நீ நர்ஸாச்சே, ஏதாச்சும் செய்யி!" என்று நூறு குரல். அவள் குனிந்து, "நாஷ்டா துன்றியா?" என்று கேட்டாள். கண் திறக்கவில்லை. கை மரத்துப் போயிற்று. நின்றது நின்றபடி நின்றாள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அன்றிலிருந்து எந்த நோயாளி வந்தாலும் அவள் முதலில் திரையை இழுப்பாள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பொம்மையைப் பார்த்து யாராவது பயந்துவிடப் போகிறார்களே என்று கழுத்துவரை போர்வையைப் போர்த்தினாள். இடுப்புக்குக் கீழே போர்வை தொய்ந்து அசிங்கமாக இருந்தது. இரண்டு தலையணையை நீளவாக்கில் செருகினாள். இப்போது பொம்மைக்குக் காலும் வந்துவிட்டது. திருப்தியாகத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

அப்பால் மணலில் அத்தனை ஃபைபர் படகும் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை. புஷ்பவல்லி குடத்தைக் கீழே வைத்தாள். குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை! சென்னையே மீன் வாங்க நிற்கும் நாள்.

"எப்பா... என்ன பெத்த ராசா..." என்று தலைவிரி கோலமாக உள்ளே பாய்ந்தாள் தேசம்மா. அவள் பின்னால் பத்துப் பெண்கள். அவர்கள் பின்னால் குப்பத்துத் தலைவரான ஊர் நாட்டார் கிருஷ்ணப்பன் கையில் சம்பங்கி மாலையோடு.

"ஐயோ, தேசம்மா, சாவு இல்ல! பொம்ம அது!"

"பாவம், துக்கத்துல பேத்துது" என்று தேசம்மா மூக்கைச் சிந்தினாள்.

"நாட்டாரே, சத்தியமா பொம்ம! தோ பாருங்க!" என்று போர்வையை இழுத்தாள். ஒரு தலையணை தரையில் விழுந்தது.

நாட்டார் அதை எடுத்துத் தூசி தட்டி, மறுபடி இருந்த இடத்தில் பக்குவமாக வைத்தார். மாலையை அந்தத் தலையணை மேல் போட்டார். "கால் விறைச்சிருச்சு" என்றார்.

புஷ்பவல்லிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. வெளியே நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். ஜன்னலைத் திறந்து ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. மிஷின் என்று காட்டிவிட்டால்? பொம்மையின் மார்பில் கை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள்.

'டிக்.'

"கேட்டீங்களா? மிசினு!"

"இதயம் அடிக்குது!" என்று நாட்டார் துள்ளினார். "உசுரு கீது! புஷ்பா, வுடாத, அமுக்கு!"

"நாட்டாரே..."

"இன்னா நாட்டாரே? நர்ஸுதானே நீ? வழக்கமாக் கேக்கறதக் கேட்டுட்டு அமுக்கு!"

கை மரத்தது. அதே கும்பல், அதே குரல். "ஏதாச்சும் செய்யி புஷ்பா!" பத்தொன்பது வருஷமும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றுகொண்டன. இழுக்கத் திரை இல்லை. அவள் தலையைக் குனிந்தாள், பொம்மையின் தோளைத் தட்டினாள்.

"நைனா," என்றாள். "நாஷ்டா துன்றியா?"

யாரும் சிரிக்கவில்லை. தேசம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாட்டாரின் மகன் வெற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒண்ணு" என்றார் நாட்டார்.

புஷ்பவல்லி அமுக்கினாள். 'டிக்.'

"ரெண்டு" என்றது குப்பம்.

அதன் பிறகு நிற்கவில்லை. வலை இழுக்கும்போது கணக்குச் சொல்வது போல அறை முழுவதும் கணக்குச் சொன்னது. இருபத்தெட்டு, இருபத்தொம்போது, முப்பது. "காத்து குடு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். கொடுத்தாள். மறுபடி ஒண்ணு. வியர்வை சொட்டியது, கண்ணீரும் சொட்டியது, எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கை மட்டும் நிற்கவில்லை. இந்தக் கை அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று நினைத்து நினைத்து அமுக்கினாள். ஐந்து சுற்று முடிந்ததும் நாட்டார், "போதும், கண்ணு. நீ செய்ய வேண்டியதச் செஞ்சிட்ட" என்றார்.

எல்லாரும் வாசலில் டீ குடித்தார்கள். குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். புஷ்பவல்லி படகுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் பைத்தியக்காரத்தனத்தால் இத்தனை வீட்டு உலையில் மண் விழுந்ததே என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லப் போனால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சொல்லாமல் விட்டால் இரண்டாம் நாள் பால் ஊற்ற வந்துவிடுவார்கள் போலிருந்தது.

திங்கட்கிழமை பரீட்சை. அதே பதினோரு பேர், அதே பெரிய டாக்டர். புஷ்பவல்லி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பதினோரு பேர்தானா? இதெல்லாம் ஒரு கும்பலா?

"நைனா, நாஷ்டா துன்றியா?"

இந்தத் தடவை அவள் கை திரையைத் தேடவில்லை. பெரிய டாக்டரை நோக்கி நேராக விரல் நீட்டி, "சும்மா நிக்காதீங்க, அந்த ஷாக் மிஷினக் கொண்டாங்க! அவரு பக்கத்துல நிக்கறவங்க ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போடுங்க! மத்தவங்க எண்ணுங்க!" என்றாள். பெரிய டாக்டர் ஓடிப் போய் எடுத்து வந்தார். 'டிக், டிக், டிக்.' ஐந்து சுற்று. ஒன்று தப்பவில்லை.

ஜூடி கட்டிக்கொண்டாள். "ரெண்டே நாள்ல எப்படி சிஸ்டர்?"

"வூட்ல பழகினேன்" என்றாள் புஷ்பவல்லி. பொம்மையின் தோளில் ஒரு சம்பங்கி இதழ் ஒட்டிக்கொண்டிருந்ததை ஜூடி பார்ப்பதற்குள் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் இரண்டு கிலோ மிக்சரும் சான்றிதழுமாகக் கடற்கரைக்குப் போனாள். மணலில் நாட்டார் வலை பார்த்துக்கொண்டிருந்தார். தேசம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெற்றி படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"என்ன மன்னிச்சிருங்க" என்றாள் புஷ்பவல்லி. "நேத்து நான் சொன்னத நீங்க நம்பல. அது நெசமாவே பொம்ம. ஆஸ்பத்திரில பரீட்சைக்கு வச்சிருக்கற பொம்ம. என்னால ஒரு ஞாயித்துக்கெழம கடலு போச்சு உங்களுக்கு."

"அப்டியா?" என்றார் நாட்டார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பொம்மையாமே!" என்றாள் தேசம்மா கூடையைப் பார்த்து.

புஷ்பவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெற்றி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு, மிக்சர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தான்.

"இன்னாக்கா நீ," என்றான், "செத்தது யாருன்னு நேத்து எங்கள்ல ஒருத்தராவது உன்னக் கேட்டமா?"