மூன்று கலியாணங்களைக் குழப்பிய கதை

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, "மூண்டு கலியாணத்தைக் குழப்பிப்போட்டன் ஃபாதர்" என்று சொன்னவன் எங்கள் பங்குக் கோயிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உள்ளே இருந்து, "பொம்பிளைப் பிள்ளையள் ஆரும் சம்பந்தப்பட்டிருக்கினமோ?" என்று ஃபாதர் மெல்லக் கேட்டார்.

"மூண்டு பொம்பிளையளும்தான் ஃபாதர். மூண்டு மாப்பிள்ளையளும்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நடந்தது இதுதான். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், மன்னார் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கலியாணப் போட்டோக்களை ஏற்றி வைக்க அவருக்கு வாடகைக்கு ஒரு கிளவுட் சேர்வர் எடுத்துக் கொடுத்தவன் நான். (கொம்பியூட்டர் படித்த ஒருவன் வீட்டில் இருந்தால், ஃபேன் சுற்றாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.) சேர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. இன்னொரு டிஸ்க் பூட்ட, அதாவது கூட இணைக்க, வேண்டும். கிளவுட்காரர் அதை வொலியூம் என்பார்கள். சேர்வர் எந்த நாட்டில் கிடந்தாலும் இங்கே இருந்தபடியே பூட்டலாம்.

இணையப் பக்கத்தில் நாலு பொத்தானை அமத்தினால் முடிகிற வேலை. ஆனால் அக்கா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றுவிட்டா. கறுப்புத் திரையில் கொமாண்ட் அடித்தால்தான் படித்த பிள்ளை மாதிரித் தெரியும் என்று எனக்கொரு நினைப்பு. ஒரு வரி அடித்தேன், வொலியூம் பூட்டுப்பட்டது. அடுத்த வரியில் அதைத் துடைத்து ஃபோர்மட் செய்தேன். மூன்றாவது வரியில் அதைக் கொண்டுபோய், போட்டோக்கள் இருந்த போல்டரிலேயே பொருத்தி மவுண்ட் செய்தேன். அந்தப் போல்டரில் இடம் கூடும் என்று நம்பிக்கை. "இப்ப பாரக்கா" என்று திறந்து காட்டினேன்.

உள்ளே ஒரு கலியாணமும் இல்லை. பேசாலை மாதா கோயிலில் நடந்தது, தாராபுரத்து நிக்காஹ், நறுவிலிக்குளத்துத் தாலிகட்டு, மூன்றும் போய்விட்டன. (மதபேதம் பார்க்காமல் அழித்திருக்கிறேன்.) மிச்சம் இருந்தது 'லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஒரேயொரு போல்டர். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு அதையும் திறந்தேன். அதுவும் வெறுமை.

கமராவின் மெமரி கார்டுகளை அழித்துக்கொண்டு, அத்தான் நாலாவது கலியாணத்தைப் படம் எடுக்க மறிச்சுக்கட்டி என்ற ஊருக்குப் போயிருந்தார். பேசாலை மாப்பிள்ளையும் பொம்பிளையும் திங்கட்கிழமை கனடா போகிறார்கள். எல்லோரையும் திரும்ப உடுத்தி நிறுத்திப் படம் எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்த மாப்பிள்ளையின் தகப்பனார் படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரர். அன்று மட்டும் கோட் போட்டுக் கதிரையில் இருத்தி, மகனோடு எடுத்த படம் அதற்குள்தான் இருந்தது. அவரை இன்னொரு முறை அப்படி இருத்த முடியாது.

புது டிஸ்க் என்று நினைத்துப் பழையதைத் துடைத்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். அத்தானுக்கு அறிவிக்கத் துணிவு வரவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் கேட்கிற நாள் என்றபடியால் கோயிலுக்குப் போனேன்.

கலியாணம் என்றது போட்டோவை என்று விளங்கியதும் ஃபாதரின் குரல் தெளிந்தது. "அத்தானிட்டப் போய்ச் சொல்லும். அதுதான் உமக்கு அபராதம்."

அத்தான் அப்போதுதான் ஸ்டூடியோவுக்குத் திரும்பியிருந்தார். சொன்னேன். அவர் கத்தவில்லை. கமராப் பையை இறக்கி வைத்துவிட்டு, "என்ன செய்தனி, ஒண்டொண்டாச் சொல்லு" என்றார்.

"புது டிஸ்க் ஒண்டு பூட்டினனான்."

"பூட்ட முந்திப் படம் இருந்ததோ?"

"ஓம்."

"பூட்டின பிறகுதான் காணேல்ல?"

"ஓம் அத்தான்."

"அப்ப கழட்டு."

இது மோட்டார் சைக்கிள் இல்லை என்று விளக்கத் தொடங்கினேன். "கழட்டடா" என்றார். நடக்காது என்று காட்டுவதற்காகவே கொமாண்டை அடித்தேன். திறந்து பார்த்தால் மூன்று கலியாணமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாப்பிள்ளையின் தகப்பனார் கோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் அழிக்கவில்லை. நிறைந்த போல்டரை வெறும் டிஸ்க்கால் மூடியிருந்தேன், நிலத்தில் கிடந்த பூட்டுத் திறப்பின் மேல் பாயை விரித்துவிட்டு வீடெல்லாம் திறப்பைத் தேடியவன் மாதிரி. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அத்தான் என்னைக் கவனிக்கவில்லை, படங்களை வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது காணாமற் போனாலும், "தம்பி என்னத்தைப் பூட்டினவன் எண்டு கேளுங்கோ" என்பா அக்கா. போன வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. படம் எடுத்தது அத்தான்தான். பீடத்துக்கு முன்னால், கோயிலே அமைதியாக இருக்க, பொம்பிளையின் விரலில் மோதிரத்தைப் போட்டேன். கமராவுக்குப் பின்னால் இருந்து அத்தானின் குரல் வந்தது.

"தம்பி, இதை மட்டும் கழட்டிப் பாக்காத."