பீக்கரில் வராத குளோரின்

தப்பு செய்கிறவர்களைத் திருத்திவிடலாம். தப்பைத் தெனாவட்டாகச் செய்கிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது. எம்.எஸ்சி. முடித்த புதிதில் நான் இரண்டாவது ரகம். கொடைக்கானலுக்கும் மேலே மலைக்கிராமமான போளூரில் எங்கள் குடும்பத்தில் வேதியியல் படித்த முதல் ஆள் என்பதால் என் நடைகூடக் கொஞ்சம் மாறியிருந்தது. (வீட்டில் உப்பு என்று கேட்க மாட்டேன். சோடியம் குளோரைடு.)

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். கிடைக்காவிட்டால் மதுரைக்குப் போய் ஏதாவது கம்பெனியில் சேர வேண்டும். மலையை விட்டு இறங்க எனக்கு மனசே இல்லை. பூண்டு மூட்டை சுமக்கும் மட்டக்குதிரையைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு அப்பா துணைக்கு வந்தார். குல்லாவும் கம்பளியுமாகப் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தலைப்பு, அயனித் திண்மங்கள் நீரில் கரைவதற்குச் சமன்பாடு எழுதுவது. சமன்படுத்துவதை நான் குதிரையிடம் கற்றவள். குதிரைக்கு இரண்டு பக்கமும் பாரம் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அங்கே ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டிவிடுவோம்.

தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால்சியம் குளோரைடைப் பீக்கர் தண்ணீரில் தாராளமாகக் கொட்டிக் கலக்கிவிட்டுப் பலகையில் எழுதினேன்.

CaCl₂ → Ca²⁺ + Cl₂

அணுக்கள் சரி. மின்சுமை மட்டும் இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் பிளஸ் இரண்டு. மைனஸ் குறைகிறது. குறைகிற பக்கம் என்ன செய்வோம்? இரண்டு எலக்ட்ரான்களைக் கட்டினேன்.

CaCl₂ → Ca²⁺ + Cl₂ + 2e⁻

"எவ்வளவு அழகா பேலன்ஸ் ஆயிருச்சு பாத்தீங்களா!"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், Cl₂ன்னா குளோரின் கேஸ்தானே? அது விஷம்னு படிச்சோமே?"

"ஆமாம்மா."

"அப்ப பீக்கர்ல இருந்து வருதே, அதுவா மிஸ்?"

திரும்பினேன். பீக்கரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. (கால்சியம் குளோரைடு கரைந்தால் தண்ணீர் சூடாகும். கொடைக்கானல் குளிரில் சூடான தண்ணீர் ஆவி விடாமல் என்ன செய்யும்?) என் சமன்பாடு தப்பாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

"எல்லாரும் வெளிய ஓடுங்க! வெரசா!" என்று கத்தினேன்.

பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தலைமையாசிரியையும் ஓடினார். (அவர் கணக்கு டீச்சர்.) சத்தம் கேட்டு மற்ற வகுப்புகளும் கிளம்பின. பனிமூட்டத்துக்குள் மொத்தப் பள்ளியும் மைதானத்தில் வரிசையாக நின்றது.

குளிர்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. கரைந்தாலே குளோரின் வாயு வருமென்றால், உப்புப் போட்ட ரசத்தைக் குடித்த ஒருவரும் உயிரோடு இருக்க முடியாதே! மானம் கப்பலேறியது. அப்படியே அப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்றிருந்தது. ஆனால் வேலை வேண்டுமே.

"மேடம், அது வெறும் ஆவி. தப்பு என்னோடது. அஞ்சு நிமிஷம் மட்டும் குடுங்க."

அந்த வகுப்புப் பிள்ளைகளை மறுபடி உள்ளே கூட்டிப்போய், பீக்கரை அவர்கள் கையில் கொடுத்துச் சூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பலகையை அழித்து எழுதினேன்.

CaCl₂(s) → Ca²⁺(aq) + 2Cl⁻(aq)

"ரெண்டு குளோரினும் சேர்ந்து போகாது. தனித்தனியா, ஆளுக்கொரு மைனஸோட போகும். வெளிய இருந்து நாம எதையும் கட்டக் கூடாது. நான் கட்டினேன், என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?"

வகுப்பே சிரித்தது. கேள்வி கேட்ட பெண் தானாகவே வந்து அலுமினியம் குளோரைடுக்குச் சமன்பாட்டைச் சரியாக எழுதினாள். அன்றைக்கு நான் பட்ட பெருமை இருக்கிறதே, எம்.எஸ்சி. வாங்கியபோதுகூட அவ்வளவு இல்லை.

"இந்த கிளாஸ் இனிமே இதை மறக்கவே மறக்காது. மண்டே ஜாயின் பண்ணுங்க" என்றார் தலைமையாசிரியை, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே.

வெளியே அப்பா கண்கலங்கி நின்றார். "ஆத்தா, ஒன்னயப் பாக்கப் பள்ளிக்கூடமே வெளிய வந்து நின்னுச்சே!"

சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் காபி தர மாட்டார். உண்மை தெரிந்த என் தம்பி மட்டும் ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பான். "எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடி வந்தாங்களாம்ல?"

அப்பா அசர மாட்டார். "பின்ன? குளிர்னு பாத்தா எம்மகளப் பாக்க முடியுமா?"