எண்ணூறும் குதிரையின் மச்சமும்

எண்ணூறைப் போல இன்னொரு ஆளை பெங்களூர் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அது ஊர் செய்த புண்ணியம். இந்த ட்ராஃபிக்கையே தாங்கிக்கொள்கிற ஊர்தான், ஆனால் இரண்டாவது எண்ணூறைத் தாங்காது.

எண்ணூறு அவர் பெயர் இல்லை. பெயர் என்று ஒன்று இருந்தது, சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும். லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. ஓவியர்கள் கறுப்பு மையில் வரைந்து அனுப்புகிற படங்களை ஸ்கேன் செய்து, கூடவே வந்துவிடுகிற தூசு தும்புகளை நீக்கி, கம்ப்யூட்டரில் கலர் அடித்துப் பதிப்பகங்களுக்கு அனுப்புவோம். மனிதர்கள் எல்லோரும் படம் முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். இவர் காலையில் வந்து உட்கார்ந்ததும் எண்ணூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குவார். சாயங்காலம் வரை அதிலிருந்து இறங்க மாட்டார். திரை முழுக்க ஒரு மூக்குத் துவாரம் மட்டும் இருக்கும். அதற்குள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை மூன்று நாளாக எதற்கோ சாம்பல் கலர் அடித்துக்கொண்டிருந்தார். டீ குடிக்கும்போது கேட்டார்.

"அக்கா, இந்தப் பாறை எப்பக்கா முடியும்?"

"அது யானைய்யா!"

"அப்படியா? அதான் நடுவுல ஒரு கண்ணு வந்துச்சு. பாறைக்கு எதுக்குக் கண்ணு, பாசியா இருக்கும்னு பச்சை அடிச்சிட்டேன்."

இந்த 'அக்கா' வேறு. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். தலையில் பாதி நரை. பலமுறை கத்திப் பார்த்துவிட்டேன். "சரிக்கா, இனிமே கூப்பிடல" என்பார்.

கோடு எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் இந்த வேலையில் பெரிய தொல்லை. மயிரிழை இடைவெளி போதும், ராணியின் சேலைக்குக் கொட்டிய சிவப்பு வெளியே ஓடி மரம், மலை, வானம் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். "கேட் தொறந்திருக்கு" என்பார் எண்ணூறு. பிக்ஸல் பிக்ஸலாகத் தேடி மூடுவார். இதை கம்ப்யூட்டரோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் திட்டப்போகிறேன்? ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் வரும்போது, முன்னால் நின்ற ஆளின் பையில் ஜிப் பாதி திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கை பரபரத்து, மெதுவாக மூடியிருக்கிறார். பிக்பாக்கெட் என்று பிடித்துக்கொண்டார்கள்.

"நான் தொறக்கல சார், மூடினேன்!"

"மூடறதுக்கு நீ யாரு குரு?" என்று கேட்டாராம் கண்டக்டர். நியாயமான கேள்வி.

அவருடைய லேயர்களைப் பற்றிச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். கம்ப்யூட்டரில் ஒரு படம் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். நாங்கள் 'கோடு', 'கலர்', 'நிழல்' என்று பெயர் வைப்போம். எண்ணூறின் ஃபைலைத் திறந்தால் குடும்ப அட்டை மாதிரி இருக்கும். கோடு இருக்கிற லேயருக்கு 'மாமியார்' என்று பெயர்.

"எப்பவும் மேலதான் இருப்பாங்க. பூட்டியிருக்கும், தொட முடியாது. ஆனா அவங்க இல்லேன்னா வீடே இல்லக்கா."

கலர் லேயருக்கு 'நான்'. கடைசியில் 'சொந்தக்காரங்க' என்று ஒன்று. தூசை நாங்கள் அழித்துவிடுவோம். இவர் ஒவ்வொரு தூசையும் வெட்டி எடுத்து, அது இருந்த அதே இடத்தில் அந்த லேயரில் ஒட்டிவைப்பார்.

"இது எதுக்குய்யா?"

"வேணாம்தான். ஆனா தூக்கிப் போட மனசு வராது. அதான் சொந்தக்காரங்க."

இந்தச் சொந்தக்காரர்கள் பெருகிப் பெருகி, எல்லோருக்கும் பொதுவான ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோனது. என் மெஷின் அடிக்கொரு தடவை உறைந்து நின்றது. எனக்குப் பொறுமை கிடையாது, இருப்பதாக நான் எங்கேயும் சொன்னதும் கிடையாது. "எல்லாச் சொந்தக்காரங்களையும் இன்னைக்கே அழிச்சாகணும்" என்றேன். இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய ஸ்கேன் ஃபைல்களையும் நானே அழித்தேன். டிஸ்க் நிறைந்தது அவரால். ஆகவே ஸ்கேன் போனதும் அவரால்தான். இதை இன்றைக்கும் சொல்வேன்.

மாலையில், "ஆச்சாய்யா?" என்றேன்.

"ஆச்சுக்கா."

அந்தச் சமயத்தில் எங்கள் கையில் இருந்தது ஒரு சித்திரக்கதைப் புத்தகம். எங்கள் முதலாளி ஸ்டெல்லா மேடம் நல்ல வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த ஸ்டூடியோ இது. சென்னைப் பதிப்பகம் ஒன்று முதன்முதலாகப் பெரிய வேலை கொடுத்திருந்தது. இது சரியாகப் போனால் அந்தப் புத்தக வரிசை முழுக்க எங்களுக்கு. போகாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுக் கீழே பேக்கரியில் பன் விற்க வேண்டியதுதான். மாலைக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும் என்ற நாளில், காலையில் மேடம் கடைசியாகப் படித்துப் பார்க்க உட்கார்ந்தார்.

கதை இதுதான். இளவரசன் ஒருவன், அவனை அப்படியே உரித்துவைத்தது போல ஒரு திருடன். ஒரே முகம், ஒரே உடை. திருடன் அரண்மனைக்குள் புகுந்து ஆள்மாறாட்டம் செய்கிறான்.

"இதுல யாரும்மா திருடன்?" என்றார் மேடம்.

"மோவாய்ல மச்சம் இருக்கிறவன் மேடம்."

"மச்சம் எங்க?"

பார்த்தேன். எங்கேயும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ராஜா, 'உன் மோவாய் மச்சமே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது!' என்று விரலை நீட்டி கர்ஜிக்கிறார். விரலுக்கு எதிரே மோவாய் கழுவிவைத்த தட்டு மாதிரி பளபளக்கிறது.

எண்ணூறைக் கூப்பிட்டேன். என் குரலில் பேக்கரிக்காரரும் மேலே ஓடிவந்தார்.

"மச்சமா அது?" என்றார் எண்ணூறு. "தூசுன்னு நெனச்சேன்கா. பக்கத்துக்குப் பக்கம் வந்துச்சு. கண்ணாடியில அழுக்கு போலன்னு டெட்டால் போட்டுக்கூடத் தொடச்சேன்."

ஸ்கேனரில் ஆஸ்பத்திரி வாசனை அடித்த காரணம் தெரிந்தது.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஜூமை இறக்கிப் பார்க்கக் கூடாதாய்யா?"

"இறக்கினா தல சுத்துதுக்கா. எல்லாம் ஒரே சமயத்துல தெரியுது."

ஸ்கேன் ஃபைல்கள் டிஸ்க்கிலிருந்து போய்விட்டன, ஒரிஜினல் படங்கள் பதிப்பகத்துக்கே திரும்பப் போய்விட்டன. பதிப்பகத்துக்கு போன் செய்து கேட்டால், தூசுக்கும் மச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்று எங்களை நாங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. இளவரசனும் திருடனும் சேர்ந்து நிற்கிற பக்கங்களில் யார் யார் என்று வசனத்தை வைத்தும் சொல்ல முடியவில்லை. மேடம் திட்டவில்லை. படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எண்ணூறு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, சொந்தக்காரங்களக் கேட்டுப் பார்க்கலாமா?"

"அதைத்தான் அழிச்சாச்சே!"

"அழிக்கலக்கா. கண்ண மூடி வெச்சேன்."

லேயரை மறைக்க அதன் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை மட்டும் மூடிவிட்டு என்னிடம் 'ஆச்சு' என்று சொல்லியிருக்கிறார். திருட்டு மனுஷன். அறைவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கண்ணைத் திறந்தார். பக்கத்துக்கே அம்மை வார்த்தது போல ஆயிற்று. அத்தனை தூசும் அதனதன் இடத்தில் திரும்பி வந்து நின்றது. அதில் மச்சம் எது? நான் என் திரையில் பக்கம் முழுசையும் பார்த்து, "இடது பக்க ஆளு, மோவாய்க்குப் போ" என்பேன். அவர் எண்ணூறில் ஊர்ந்து போவார்.

"இது முடி. இது நூல். இது உங்க பஜ்ஜி."

"எது என் பஜ்ஜி?"

"ஸ்கேன் பண்றப்ப தின்னீங்களேக்கா. இதோ, மச்சம்! ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கு."

மேடமும் படியிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றார். திருடனுக்கு ஒவ்வொரு பக்கமாக மச்சம் முளைத்தது. முடிக்கப்போகிற நேரத்தில் எண்ணூறு நின்றுவிட்டார்.

"அக்கா, இதுவும் மச்சம்."

"அது குதிரைய்யா!"

"குதிரைக்கு இருக்கக் கூடாதா? ரவுண்டா இருக்கு பாருங்க."

"தூசு!"

"மச்சம்கா!"

"ரெண்டு பேரும் பேஜார் பண்ணாதீங்க, அனுப்புங்க!" என்று மேடம் போட்ட கூச்சலில், குதிரை மச்சத்தோடு அச்சுக்குப் போனது.

வரிசை முழுக்க எங்களுக்கே கிடைத்தது. குதிரையும் திருடனுக்குக் கூட்டா என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். பதிப்பகத்து அம்மா போனில் சொன்னார்.

எண்ணூறு இப்போது இங்கே இல்லை. சேலத்தில் சேலை டிசைனுக்குக் கலர் அடிக்கப் போய்விட்டார். அங்கே ஒரு சேலையையாவது முந்தானையோடு முழுசாகப் பார்த்திருப்பாரா, சந்தேகம்தான். இங்கே பைகளும் டிபன் டப்பாக்களும் திறந்தபடி கிடக்கின்றன. யாரும் மூடுவதில்லை.

போன வாரம் அந்தப் புத்தகம் இரண்டாம் பதிப்புக்கு வந்தது. "எல்லாம் சரி, அந்தக் குதிரை மச்சத்தை மட்டும் எடுத்துடுங்கம்மா" என்றார் பதிப்பகத்து அம்மா. ஃபைலைத் திறந்தேன். மாமியார், நான், சொந்தக்காரங்க, எல்லோரும் இருந்தார்கள். குதிரையின் தாடைக்குப் போய் எண்ணூறு சதவீதத்தில் பார்த்தேன். ஓரமெல்லாம் பிசிறு. தூசு. சத்தியமாகத் தூசு. அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி.

ஃபைலை அப்படியே மூடிவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஆச்சும்மா" என்றேன்.