பிணைப்பு சார் போட்ட டீ

இரண்டு டப்பாவிலும் வெள்ளைப் பொடி. இரண்டிலும் லேபிள் இல்லை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் தலைமையாசிரியை காத்துக்கொண்டிருந்தார்.

எதற்கெடுத்தாலும் வேதிப்பிணைப்பையே காரணம் சொல்வதால் மாணவர்கள் ‘பிணைப்பு சார்’ என்று பெயர் வைத்திருந்த வேதியியல் ஆசிரியருக்கு வியர்த்தது. பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளர் பதவி காலி. முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்தவரை முடிவு செய்ய வேண்டிய அம்மையார் தாமாகவே வீடு தேடி வந்திருக்கிறார். மனைவி சும்மா இருந்திருக்கலாம். “இன்னைக்கு டீ இவர் கையால” என்றாள். சாரும் சும்மா இருந்திருக்கலாம். “சமையல்கட்டும் ஒரு ஆய்வகம்தான் மேடம்” என்று மார்தட்டிவிட்டு உள்ளே வந்தார். இனிமேல் போய், சர்க்கரை எது என்று மனைவியைக் கேட்டால் மானம் கப்பலேறிவிடும். பதவியும் கூடவே ஏறிவிடும்.

தண்ணீர் கேட்டு வந்த தலைமையாசிரியையின் டிரைவர், எவர்சில்வர் டம்ளரும் கையுமாகக் கதவோரமே நின்றுவிட்டார்.

“நாக்குல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது சார்.”

சாருக்குச் சுருக்கென்றது. “பேர் தெரியாத பொடியை வேதியியல் படிச்சவன் நாக்குல வைக்க மாட்டான். அதுக்குத்தான் அறிவியல் இருக்கு.”

பாடம் தொடங்கிவிட்டது. உப்பு தண்ணீரில் கரைந்தால் அயனிகள் பிரிந்து ஓடும், மின்சாரம் பாயும். சர்க்கரை முழு மூலக்கூறாகவே கரையும், பாயாது. இரண்டு பொடியையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, டார்ச்சைக் கழற்றி, இரண்டு கரைசலிலும் ஒயரை விட்டார். இரண்டிலும் பல்பு எரியவில்லை. பேட்டரிமேல் சந்தேகம் வந்து, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். கடிகாரம் நின்றதுதான் மிச்சம்.

டிரைவர் மறுபடியும் நாக்கைப் பற்றிப் பேச்செடுத்தார். சார் காதில் வாங்கவில்லை.

அடுத்து உருக்கிப் பார்ப்பது. சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்திருக்கும். கொஞ்சம் சூடு காட்டினால் கையை விட்டுவிடும். உப்பின் அயனிகள் எதிரெதிர் மின்சுமையால் இறுகக் கட்டிக்கொண்டவை. வீட்டு அடுப்புக்கெல்லாம் மசியாது. டீயை இறக்கிவிட்டு, இரண்டு கரண்டியில் இரண்டு பொடியையும் தீயில் காட்டினார். கரண்டி உலோகம் என்பதை மட்டும் மறந்துவிட்டார். சூடு நேராக விரலுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு கரண்டியும் அடுப்பில் விழுந்தன. ஒரு பொடி உருகிக் கருகியது. அது எந்த டப்பாவின் பொடி என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

விரலை உதறும்போதும் சாரால் பாடம் எடுக்காமல் இருக்க முடியவில்லை. “உலோகத்துல எலக்ட்ரான் கட்டுப்பாடே இல்லாம திரியும். சூட்டைக் கடத்துறதும் அதுதான், பளபளன்னு மின்ன வைக்கிறதும் அதுதான்.”

டிரைவர் தன் டம்ளரை மரியாதையோடு பார்த்தார்.

கருகல் வாசனை என்னவென்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. பரிசோதனை நல்லபடியாகப் போவதாகச் சார் சொல்லி வைத்தார். ஆனால் டீ ஆறிக்கொண்டிருந்தது. எத்தனை வருடம் ஆசைப்பட்ட பதவி! அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கொள்கையை வைரம்போலக் காத்தவர்தான். ஆனால் வைரத்தையும் இடம் பார்த்து ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும் என்று வகுப்பில் சொல்வதும் அவரேதான். டிரைவர் முதுகைக் காட்டி டம்ளர் கழுவும் நேரம் பார்த்து, ஒரு டப்பாவில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். தித்தித்தது.

டீ பிரமாதமாக அமைந்தது. தலைமையாசிரியை இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“சர்க்கரை எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எல்லாம் பிணைப்புதான் மேடம்” என்றார் சார் கூசாமல். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

வழியனுப்ப வாசலுக்கு வந்த சார், அம்மையாரின் மனசு தெரிந்தவர் என்று டிரைவரிடம், பதவி தனக்குத்தானே என்று மெல்லக் கேட்டார்.

“நான் சொல்றதுலதான் சார் இருக்கு. முன்னாடி இருந்தவர் லேப்ல எதையோ நக்கிப் பாத்து ஆஸ்பத்திரியில படுத்தாரு. அதனாலதான் அம்மா சொல்லி உங்க வீட்டம்மா லேபிளை உரிச்சாங்க. ‘தலையே போனாலும் இவர் நாக்குல வைக்க மாட்டார்’னு உங்க வீட்டம்மா சத்தியமே பண்ணாங்க. பாத்துட்டு வரத்தான் அம்மா என்னை உள்ள அனுப்பினாங்க.”

சார் குரலைத் தாழ்த்தினார். “நீங்கதான் அப்ப திரும்பி நின்னீங்களே?”

“திரும்பித்தான் நின்னேன் சார். நீங்க சொன்ன அந்த எலக்ட்ரான்தான் டம்ளர்ல பளபளன்னு காட்டிக் குடுத்துடுச்சு.”