அரைமீசை வீட்டார்

ஆம்பூரில் பாதிப் பேருக்கு வம்சம் கொடுத்தவர் எங்கள் மேஸ்திரி. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில் "முனுசாமி" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அதனால் மேஸ்திரி எல்லார் பேருக்கும் முன்னால் இன்னொரு பேர் ஒட்டினார். கஞ்சியில் ஈ விழுந்ததற்கு அழுதவன் ஈக்கஞ்சி முனுசாமி. அவன் பேரனும் ஈக்கஞ்சிதான்.

என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் முகம் குப்புற விழுந்தார். ஆட்டுத்தோலில் மயிர் உதிர்க்கிற சுண்ணாம்பு ஆளைப் பார்க்குமா? மீசையில் ஒரு பக்கம் போயிற்று. நாங்கள் அரைமீசை ஆனோம். மீசை மறுபடி முளைத்தது. பேர் உதிரவில்லை.

ரயில்வே வேலையில் சேர்ந்த தம்பிக்கு ஜோலார்பேட்டையில் "அரமேசை" என்று எழுதினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கைக்கு "அரிமிசு". எப்படி எழுதினாலும் மீசை பாதிதான்.

ராணிப்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்தோம். வீட்டுப் பேரைக் கேட்டதும் பெண்ணின் அப்பா என் மீசையை இழுத்துப் பார்த்தார்.

"அரமீசையா? பரம்பர நோவா? பேரப்புள்ளைங்களுக்கும் வருமா?"

"வராதுங்க."

"ஞாயித்துக்கெழம வாங்க. யோசிச்சிச் சொல்றேன்."

எனக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. மேஸ்திரியிடம் ஓடினேன்.

"பேர மாத்துங்க மேஸ்திரி. கல்யாணம் நின்னுடும்."

"வெச்ச பேர் வெச்சதுதான். போடா, பேஜார் பண்ணாத."

மேஸ்திரியின் மீசை காதுவரை போகும். காலையில் எண்ணெய், மாலையில் எண்ணெய். ஊரே பயந்தது அந்த மீசைக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கூப்பிடாமலே மேஸ்திரி உள்ளே வந்தார். மீசை ஒரு பக்கம்தான் இருந்தது.

"இன்னா பெரியவரே, அரமீசன்னா கேலியா? வாக்கு குடுத்தா பாதி மீசைய எடுத்துடுவோம். வாக்கு முடிஞ்சாதான் மறுபடி வளப்போம். எங்க ஷாப்பு வழக்கம். ஆரம்பிச்சது இவங்கப்பா."

அப்பா வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

பெண்ணின் அப்பா கேட்டார்: "நீங்க யாருக்கு வாக்கு குடுத்தீங்க?"

"இந்தப் பையனுக்கு. கல்யாணம் முடிச்சி வெக்கறேன்னு."

உள்ளே பெண் சிரித்துவிட்டாள். அவள் அப்பா தன் மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டை எடுத்து வரச் சொன்னார்.

மேஸ்திரி செத்தபோது சுடுகாட்டில் கேட்டார்கள், "பெரியவர் எந்த வூடு?"

ஊருக்கெல்லாம் பேர் வைத்தவருக்குப் பேர் வைக்க ஆளில்லை.

"அரமீச வூடு" என்றேன்.

கொள்ளி வைக்கிற மகனுக்கு மீசை இருக்கக்கூடாது. முழுசாக எடுத்துக்கொண்டேன்.